வேலூர் வெயிலில் காரமான மிளகாய்: பூ ஏன் கொட்டுகிறது, இலை ஏன் சுருள்கிறது, எப்போது விதைப்பது

கேள்வி இதுதான். காட்பாடியில் ஒருவர் மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருக்கிறார். தை மாதம் நர்சரியில் மிளகாய் நாற்று வாங்கி வைத்தார். செடி தளதளவென்று வந்தது. பங்குனி பிறந்ததும் பூக்கிற பூவெல்லாம் கொட்டுகிறது, நுனி இலைகள் சுருண்டு செடி முடங்கிவிட்டது, தப்பிக் காய்த்த கொஞ்சத்திலும் காரம் இல்லை. உரம் போதவில்லையா, என்ன மருந்து அடிக்கலாம், அடுத்து பூத் ஜொலோகியா மாதிரி கடுங்காரமான ரகம் நம்ம ஊரில் வருமா என்று கேட்கிறார்.

உரத்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. செடி தளதளவென்று வந்ததே அதற்குச் சாட்சி. குறை நட்ட மாதத்தில் இருக்கிறது. தையில் நட்டால் செடி பூவுக்கு வருவது மாசிக் கடைசியில், பங்குனியில். அதாவது வேலூர் கொதிக்கத் தொடங்கும் நேரத்தில். மிளகாய் வெயில் தாங்கும் பயிர் என்று நாம் நினைக்கிறோம். செடி தாங்கும், பூ தாங்காது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காமல் இருந்தால் மகரந்தம் கெட்டுப்போகும், சூல் பிடிக்காது, பூ காம்போடு கழன்று விழும். இங்கே ஏப்ரலிலேயே 38, 39 சாதாரணம். அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தாண்டும். சுற்றிலும் பாறைக் குன்றுகள், கீழே பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளம். ராத்திரி பத்து மணிக்கு மாடித் தரையில் கால் வைத்துப் பாருங்கள், செடியின் வேர் என்ன பாடு படுகிறது என்று தெரியும். இந்த நிலையில் எந்த டானிக் ஊற்றினாலும் பூ நிற்காது.

ஆகவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வேலூர் மாவட்டம் முழுவதற்கும் மாடித் தோட்டக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி மிளகாய்க்கு அப்படியே பொருந்தும். ஆனிக் கடைசியிலோ ஆடியிலோ விதை போடுங்கள். 40 நாளில் நாற்று தயார், ஆவணியில் தொட்டிக்கு மாற்றலாம். புரட்டாசிக் கடைசியில் பூ எடுக்கும். ஐப்பசியிலிருந்து மாசி வரை பறித்துக்கொண்டே இருக்கலாம். வயலில் பாசனம் வைத்து தைப் பட்டத்திலும் மிளகாய் போடுகிறார்கள், உண்மைதான். வயல் மண்ணின் ஆழம் வேரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். ஒரு அடிப் பைக்குள் அடைபட்ட வேருக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது இருக்கும் செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. மிளகாயை ஒரு பருவத்துப் பயிராக வளர்க்கிறோமே தவிர, அது சில வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய செடி. வைரஸ் தாக்காத செடி என்றால் (அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறேன்) 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் தள்ளி வையுங்கள். பூவைப் பற்றிக் கவலைப்படாமல் உயிர்த் தண்ணீர் மட்டும் கொடுங்கள். வைகாசிக் கடைசியில் முதல் கோடை மழை இரண்டு பெய்து சூடு தணிந்ததும், கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு, மேல் மண்ணைக் கிளறி இரண்டு கை மண்புழு உரம் போடுங்கள். ஆடியில் புதுத் தளிர் வரும். புதிதாக விதைத்த செடியைவிட ஒரு மாதம் முந்திக் காய்க்கும்.

அடுத்தது காரம். காரத்தை முதலில் தீர்மானிப்பது ரகம். நர்சரியில் 'மிளகாய் நாற்று' என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் பச்சை மிளகாய்க்கான ஒட்டு ரகம்தான் தருவார்கள். காய் நீளமாக, சதைப்பற்றாக, நிறைய காய்க்கும். காரம் மிதமாகத்தான் இருக்கும். காரம்தான் வேண்டும் என்றால் மூன்று வழி. ஒன்று, ஊசி மிளகாய் என்றும் காந்தாரி என்றும் சொல்கிற சின்ன மிளகாய். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து காய்க்கும், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, காரம் மண்டைக்கு ஏறும். இரண்டு, ஆந்திரப் பக்கத்துத் தேஜா. குண்டூர் சன்னத்தைவிட இரண்டு மடங்கு காரம் இருக்கும். சித்தூர் நமக்கு எட்டிப் பிடிக்கிற தூரம்தான், அங்கே விதைக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மூன்று, நம்ம சம்பா மிளகாய். காரமும் மணமும் சேர்ந்து வரும். பியாடகி ரகத்தைக் காரத்துக்காக வளர்க்காதீர்கள், அது நிறத்துக்கானது. ஆம்பூர் பிரியாணிக்குக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் உயிர். அப்படி வீட்டு மிளகாயில் விழுது அரைக்கும் ஆசை இருந்தால் சம்பாவும் பியாடகியும் ஆளுக்கு இரண்டு செடி வைத்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால் முதல் முறை வளர்ப்பவர் ஊசி மிளகாயில் தொடங்க வேண்டும். வெயிலை ஓரளவு தாங்கும், அரை நிழலிலும் காய்க்கும், நோய் குறைவு, ஒரே செடி வருஷக்கணக்கில் நிற்கும். முளைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். சாதாரண மிளகாய் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும், இது இரண்டு மூன்று வாரம் எடுக்கும். செத்துவிட்டது என்று தட்டைக் கொட்டிவிடுகிறவர்கள் நிறைய.

இன்னொரு விஷயம். காரம் விதையில் இல்லை. காய்க்குள் விதையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைத் தண்டிலும் நரம்பிலும்தான் காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் சுரக்கிறது. விதையில் ஒட்டிக்கொள்வது அதிலிருந்து வந்ததுதான். பூ விழுந்து காய் பிடித்ததிலிருந்து 40, 50 நாள் வரை இந்தச் சுரப்பு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் பிஞ்சாகப் பறித்திருந்தால் காரம் இருக்காது. காய் முழு நீளம் வந்து, தொட்டால் விறைப்பாக, பச்சை கொஞ்சம் கருத்து நிற்கும்போது பறியுங்கள். தண்ணீரும் தழைச்சத்தும் அதிகமானால் காய் பெருத்துக் காரம் நீர்த்துப்போகும். காய் முற்றுகிற சமயத்தில் தினமும் இரண்டு வேளை ஊற்றுவதை விட்டுவிட்டு, மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் காரம் ஏறும். வாடவிடக் கூடாது, அது வேறு.

பக்கத்தில் குடைமிளகாய் இருந்ததால் காரம் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். இந்த வருஷக் காய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது. காயின் சதை தாய்ச்செடியைச் சேர்ந்தது. மகரந்தம் கலந்தால் அந்த விதையிலிருந்து அடுத்த வருஷம் வரும் செடிதான் மாறும். விதை எடுக்க நினைப்பவர்கள் பூ விரிவதற்கு முன்பே ஒரு கிளைக்கு மெல்லிய வெள்ளைத் துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தால் போதும்.

இனி இலைச் சுருட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாடித் தோட்டத்தில் மிளகாயை விட்டுவிட்டவர்கள் பெரும்பாலும் இதனால்தான் விட்டார்கள். 'செடி முடங்கிப்போச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதற்குள் மூன்று வெவ்வேறு நோய் இருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று பார்க்காமல் மருந்து அடிப்பதால்தான் பணமும் போகிறது, செடியும் போகிறது.

இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி நின்றால் இலைப்பேன். இலையின் அடியில் வெள்ளிப் பூச்சாகச் சுரண்டிய தடம் இருக்கும். ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் நுனிக்கிளையையும் பூவையும் தட்டுங்கள். நூல் துணுக்கு போல மெலிந்த சின்னப் பூச்சிகள் ஓடும். 2021-இல் தெலங்கானா, ஆந்திர மிளகாய் வயல்களைச் சூறையாடிய கரும் இலைப்பேன் பூவுக்குள்ளேயே குடியிருக்கும். வெயில் தணிந்த பிறகும் பூ கொட்டிக்கொண்டே இருந்தால் பூவைப் பிரித்துப் பாருங்கள்.

இலை கீழ்நோக்கி, கவிழ்த்துப் போட்ட படகாக மடிந்து, காம்பு மட்டும் நீண்டு, இலை குறுகிக் கரும்பச்சையாகத் தடித்திருந்தால் அது சிலந்திப் பேன். கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும். இது பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் இனம். கடையில் 'மிளகாய்க்கு இலை சுருளுது' என்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பல பூச்சிமருந்துகள் இதன்மேல் வேலை செய்யாது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று, பேனை இன்னும் பெருக்கிவிடுவதும் உண்டு.

மூன்றாவது வைரஸ். இலை சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கி, செடியே குள்ளமாகி நின்றால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அந்தச் செடியைப் பிடுங்கி மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். அதை வைத்துக்கொண்டு மோர் தெளித்துப் பார்ப்பதற்குள் மற்ற செடிகளுக்கும் பரவிவிடும்.

இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் திரவம். நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தால் அடிக்காததற்குச் சமம். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். இலைப்பேனுக்கு நீல ஒட்டு அட்டை, வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை, செடி உயரத்திலேயே கட்டுங்கள். சிலந்திப் பேனுக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும். ஆனால் கந்தகத்தை வெயில் காலத்தில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாத செடிக்கும் அடிக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் கந்தகத்தைத் தொடாதீர்கள். முடங்கிய நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, காலையில் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது அப்போதைக்குப் போதும். ஏற்கெனவே சுருண்ட இலை எதைச் செய்தாலும் விரியாது. புதிதாக வரும் தளிர் நேராக வருகிறதா என்பதுதான் குணமாகிறதற்கு அடையாளம்.

ஆனால் இத்தனை மருந்தையும்விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. நாற்றுப் பருவத்தில் செடியை வலைக்குள் வளர்ப்பது. வைரஸ் சின்ன வயதில் தாக்கிய செடி கடைசிவரை தேறாது. பூக்கும் வயதில் தாக்கினால் ஓரளவு காய்த்துவிட்டுத்தான் போகும். நாற்றுத் தட்டின் மேல் கொசுவலையைவிட நெருக்கமான நைலான் வலையைக் குடில் போலக் கட்டி, முதல் 40 நாள் அதற்குள்ளேயே வைத்திருங்கள். வலைக்கு ஆகும் செலவு ஒரு பாட்டில் மருந்துக்கு ஆகாது. நர்சரி நாற்றில் இந்தப் பாதுகாப்பு இருந்ததா என்று நமக்குத் தெரியாது என்பதால்தான் விதையிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

விதையை முதல்நாள் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) தூள் கிடைத்தால் ஒரு சிட்டிகை அந்தத் தண்ணீரில் கலந்துகொள்ளலாம், நாற்றழுகலைத் தடுக்கும். குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். முளைத்த பிறகு தண்ணீர் அதிகமானால் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் இற்று விழும். ஆறு இலை வந்த நாற்றைச் சாயங்காலம் பார்த்து மாற்றி நடுங்கள். சாதாரண ரகத்துக்கு 12 அங்குலப் பை போதும், ஊசி மிளகாய்க்கு 15 அல்லது 18 அங்குலம். செம்மண் இரண்டு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. முன்பு கத்தரியோ தக்காளியோ இருந்த மண்ணை அப்படியே மிளகாய்க்குப் போடாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோயும் வேர்முடிச்சுப் புழுவும் அந்த மண்ணில் காத்திருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முள்ளுக் கத்தரியை எல்லா மாடியிலும் ஆசையாக வைக்கிறார்கள், வைக்கத்தான் வேண்டும். மிளகாயிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், வெள்ளை ஈ அங்கிருந்துதான் இங்கே வரும்.

உரம் சுருக்கமாக. 15 நாளுக்கு ஒருமுறை ஒரு கை மண்புழு உரம், இடையில் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் தெளிப்பு. பூ எடுத்த பிறகு தழைச்சத்தைக் குறைத்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் வேலூரில் தோட்டம் பற்றிப் பேச முடியாது. நம்ம போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் பதனிடும் ஊர்களில் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பது ஊரறிந்த கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்களுக்குப் பாடம். மிளகாய் உப்பை அவ்வளவாகத் தாங்காத பயிர். தொட்டியில் உப்பு வெளியே போக வழியில்லாமல் மாதாமாதம் சேரும். பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பழைய இலைகளின் நுனி கருகுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உப்புதான். இன்னொரு உரத்தைக் கொட்டினால் நிலைமை மோசமாகும்.

குடிநீர்க் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற வீடு என்றால் காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்து மிளகாய்க்கு ஊற்றுங்கள். இல்லையென்றால் மழைநீர்தான் மருந்து. ஆவணி, புரட்டாசி மழையை ஒரு டிரம்மில் பிடித்துவையுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைப் பையின் அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு இரண்டையும் பலர் சிபாரிசு செய்வார்கள். புளிப்பு மண்ணுக்கு அது சரி. நம்ம கடினத் தண்ணீர் ஏற்கெனவே மண்ணைப் புளிப்புக்கு எதிரான காரத்தன்மைக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதோடு சாம்பலும் சேர்ந்தால் செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் தளிர் இலை மஞ்சளாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவலை வேறு. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட மாதிரி மழை பிடித்துக்கொண்டால் பையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிவிடும். பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், துளை அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். பழத்தில் வட்ட வட்டமாகக் கறுப்பு அழுகல் விழுந்தால் அந்தக் காயைப் பறித்து எறிய வேண்டும், விதைக்கு எடுக்கக் கூடாது. காயவைப்பதைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வெள்ளைத் துணியில் பரப்பி, சாயங்காலம் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனியில் நனைந்த மிளகாயில் பூஞ்சணம் பிடிக்கும், பார்க்க நன்றாக இருந்தாலும் உடம்புக்கு ஆகாது. மோர் மிளகாய் போடுவதென்றால் மாசி வெயில்தான் பதம்.

பழுத்த ஊசி மிளகாயைக் கொண்டைக்குருவி வந்து கொத்திக்கொண்டு போகும். பறவைகளுக்குக் காரம் தெரியாது. நமக்கு நாக்கில் எரிவை உணர்த்தும் நரம்பு வாங்கி (ரிசெப்டர்) கேப்சைசினுக்குக் கிளர்வது போல் அவற்றுக்குக் கிளர்வதில்லை. இந்த வாங்கியை மிளகாய்க் காரத்தை வைத்தே கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானிக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குருவிக்கு ஒரு செடி விட்டுவிட்டு, உங்களுக்கு வேண்டிய செடிக்கு வலை போடுங்கள்.

கடைசியாக பூத் ஜொலோகியா. வரும். ஆனால் அது அசாம், நாகாலாந்துப் பக்கத்து ஈரக் காற்றில் வளர்ந்த செடி. நம்ம உலர் வெயிலில் நேரடியாக நிறுத்தினால் தாங்காது. காலை வெயில் நான்கு மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல் என்ற மாதிரி கிழக்கு மதில் ஓரம் வேண்டும், அதோடு நிழல்வலையும். விதை முளைக்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம், நட்டுக் காய் பழுக்க நான்கைந்து மாதம் ஆகும். அதனால் வைகாசியிலேயே வீட்டுக்குள் நிழலில் தட்டுப் போட்டு, ஆடியில் மாற்றி நட்டால் மார்கழி, தையில் பழம் பார்க்கலாம். 2007-இல் கின்னஸ் அதை உலகின் காரமான மிளகாய் என்று பதிவு செய்தபோது அளவு பத்து லட்சம் ஸ்கோவில் அலகுக்கு (காரத்தை அளக்கும் அலகு) மேல். தேஜா ஒரு லட்சத்தை எட்டினாலே பெரிது. அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு செடி தாராளம். குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். நறுக்கும்போது கையுறை கட்டாயம், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கையில் எரிந்தால் வெறும் தண்ணீர் உதவாது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வாயில் எரிந்தால் பால் அல்லது கெட்டித் தயிர்.

இலை சுருட்டு மூன்றில் எது என்று உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால், விரிஞ்சிபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை அறிவியல் நிலையம் இருக்கிறது. நுனிக்கிளை ஒன்றைக் காலையில் வெட்டி, ஈரத்துணி சுற்றாமல் மூடிய பாலிதீன் பையில் போட்டு அன்றைக்கே எடுத்துப் போங்கள். பூவோடு சேர்த்து எடுத்துப் போனால் பார்ப்பவர்களுக்கு வசதியாக இருக்கும்.